ரெண்டு வரி அழித்தால் என்ன ஆகும்?

அக்கா பெண் பெங்களூரிலிருந்து ராத்திரி ஒன்பதரை மணிக்குப் போன் செய்து, "மாமா, என் பேட்ச்சை எடுத்துக்கிட்டாங்க!" என்றாள். குரலில் யூனிவர்சிட்டி ராங்க் வாங்கின சந்தோஷம்.

"என்னம்மா எழுதினே?"

"எழுதலை மாமா. ரெண்டு வரி அழிச்சேன்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அக்கா குறுக்கிட்டாள். "அழிக்கிறதுக்குக்கூடவா பாராட்டுவாங்க? நான் தினம் கோலத்தை அழிச்சுட்டுப் புதுசா போடறேன். ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதில்லை."

பெண் அழித்தது லினக்ஸ் கெர்னலில். கெர்னல் என்றதும் மீசை வைத்த ராணுவ அதிகாரி ஞாபகம் வந்தால் அவர் கர்னல், இது வேறு. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உள் பருப்பு. 1991-ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற மாணவர் பொழுதுபோக்காக ஆரம்பித்த இந்தச் சமாசாரம் இன்றைக்கு மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. ஆண்ட்ராய்டு போன்களுக்கு அடியில் இருப்பது இதுதான். இன்டர்நெட்டின் பெரும்பாலான சர்வர்களுக்கு அடியிலும் இதுதான். மூன்று கோடியில் ரெண்டு குறைந்ததற்கா இந்தக் கொண்டாட்டம் என்று கேட்பீர்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. விசாரித்துப் பார்த்ததில், இந்த அழிக்கிற விஷயம் ஒரு பெரிய கிணறாக இருக்கிறது.

கெர்னலின் முக்கியமான வேலைகளில் ஒன்று, கேட்கிறவர்களுக்கெல்லாம் மெமரியைப் பங்கிட்டுக் கொடுப்பது. முகூர்த்த மாதத்தில் பாத்திர வாடகைக் கடை நடத்துகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அண்டா வேண்டும் என்று கேட்டால், அது எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதி ஒரு சீட்டு தருவார்கள். வேலை முடிந்ததும் சீட்டைத் திருப்பிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. கொடுக்கிற கவுண்ட்டருக்கு கேமலாக் என்று பெயர். திருப்பி வாங்குகிற கவுண்ட்டர் கேஃப்ரீ. கடையில் அண்டா இல்லையென்றால்? வெறும் சீட்டு தருவார்கள். அதற்குப் பெயர் 'நல்'. (தமிழில் எழுதினால் நல்ல வார்த்தை போலத் தெரிகிறது. ஏமாறாதீர்கள். வெறும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்டாவைத் தேடிப் போனால் மிஷின் நடுத்தெருவில் படுத்துவிடும்.)

இந்த 'நல்' என்கிற யோசனையை 1965-ல் ஆல்கால் டபிள்யூ என்ற கம்ப்யூட்டர் மொழியில் நுழைத்தவர் டோனி ஹோர். ஆங்கிலேயர்; ஆனால் பிறந்தது 1934-ல், கொழும்பில். செய்வதற்குச் சுலபமாக இருந்தது, அதனால் செய்துவிட்டேன் என்று 2009-ல் ஒரு மாநாட்டில் சொன்னார். அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்றும் அவரே வர்ணித்தார். பெருந்தன்மையான மனிதர். நூறு கோடி என்பது ரொம்பக் குறைவான மதிப்பீடு.

ஆகவே சி மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. சீட்டு கைக்கு வந்ததும் 'வெறும் சீட்டா?' என்று பார்ப்பார்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் ஒரு தடவை, 'வெறும் சீட்டா? வெறுமையாக இல்லாவிட்டால் மட்டும் கொடு' என்று எழுதுவார்கள். இந்த இரண்டாவது சோதனையைத்தான் அக்கா பெண் அழித்தாள். காரணம், கேஃப்ரீ கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் முதல் காரியமாக அதைத்தான் பார்க்கிறார். வெறும் சீட்டு என்றால் 'சரி, போய்ட்டு வாங்க' என்று அனுப்பிவிடுவார். சண்டை கிடையாது. வெளியே ஒரு தடவை, உள்ளே ஒரு தடவை என்று ரெண்டு பேர் ஒரே சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பானேன்?

இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு சரித்திரம் உண்டு. சி மொழிக்கு 1989-ல்தான் அமெரிக்காவில் முறையான ஸ்டாண்டர்ட் வந்தது. வெறும் சீட்டைத் திருப்பிக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்று அதில் எழுதி வைத்தார்கள். அதற்கு முந்தைய சில சிஸ்டங்களில் கவுண்ட்டர்காரர் முன்கோபி. வெறும் சீட்டை நீட்டினால் கடையையே இழுத்து மூடிவிடுவார். அந்தக் காலத்தில் அடி வாங்கியவர்கள் சிஷ்யர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சிஷ்யர்கள் அவர்களுடைய சிஷ்யர்களுக்குச் சொன்னார்கள். கடைக்காரர் மாறிவிட்ட செய்தி மட்டும் பரவவில்லை.

இதைத் தேடிப் பிடிப்பதற்கு உதவுகிற ஒரு கருவி பிரான்ஸிலிருந்து வந்திருக்கிறது. காக்ஸினெல் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் பொறிவண்டு. பொறிவண்டு மற்ற பூச்சிகளைத் தின்னும் அல்லவா, அதனால்தான் அந்தப் பெயர். ('பூச்சி' என்றால் கம்ப்யூட்டர் பாஷையில் பிழை என்பது உங்களுக்குத் தெரியும்.) கேஃப்ரீக்கு முன்னால் நிற்கும் தண்டச் சோதனைகளைக் கண்டுபிடிக்கிற குறிப்பு ஒன்று கெர்னலோடு சேர்த்தே வருகிறது. செக்பேட்ச் என்று இன்னொரு கண்டிப்பான வாத்தியார் உண்டு. புதிதாக எழுதி அனுப்புகிற ஒவ்வொன்றையும் திருத்தி, சிவப்பு மையில் சுழிப்பது அவர் வேலை. 'இந்தச் சோதனை அநேகமாகத் தேவையில்லை' என்பார். அந்த 'அநேகமாக' எனக்குப் பிடித்திருக்கிறது. பின்னால் வருகிறேன்.

இதனால் கம்ப்யூட்டர் வேகமாக ஓடுமா என்று கேட்டால், இல்லை. சொல்லப்போனால் எதிர்க்கட்சிக்காரர்கள் வேறு மாதிரி வாதாடுகிறார்கள். பெரும்பாலும் வெறும் சீட்டாகவே வரக்கூடிய இடத்தில் வெளியிலேயே பார்த்துவிட்டால், கவுண்ட்டர் வரைக்கும் நடக்கிற நடை மிச்சம் என்கிறார்கள். அதுவும் நியாயம்தான். அப்படிப்பட்ட இடங்கள் கொஞ்சமே.

அழிப்பதன் லாபம், படிக்கிறவனுக்கு. ஒரு வீட்டு வாசலில் 'நாய் ஜாக்கிரதை' என்று போர்டு இருந்தால் என்ன செய்வீர்கள்? கேட்டைத் திறக்காமல் வெளியிலிருந்தே கூப்பிடுவீர்கள். நாய் செத்து எட்டு வருஷம் ஆகியிருக்கும். போர்டு மட்டும் தொங்கும். புரோகிராமில் இருக்கிற ஒவ்வொரு சோதனையும் அப்படி ஒரு போர்டு. 'இந்த இடத்தில் சீட்டு வெறுமையாக இருக்கக்கூடும்' என்று அடுத்து வருகிறவனுக்கு அது சொல்கிறது. அவன் பயந்துபோய்த் தன் பங்குக்கு இன்னொரு சோதனை வைப்பான். அவனைப் பார்த்து மூன்றாமவன். கொஞ்ச நாளில் தெரு முழுக்கப் போர்டு, நிஜமாக நாய் இருக்கிற வீடு எது என்று யாருக்கும் தெரியாது.

இதுவரை சுலபமான பகுதி. திருப்பிக் கொடுக்கிற இடத்துச் சோதனையை எடுத்துவிடலாம். வாங்குகிற இடத்துச் சோதனை?

இங்கேதான் வேடிக்கை. சின்ன அளவு மெமரி கேட்டால் லினக்ஸ் கெர்னல் 'இல்லை' என்று சொல்லவே சொல்லாது. சின்ன அளவு என்றால் எட்டுப் பக்கங்கள் வரை. பக்கத்துக்கு 4096 பைட் என்றால் 32 கிலோபைட். கெர்னலுக்குள் கேட்கிற பெரும்பாலான அளவுகள் இதற்குள் அடங்கிவிடும். சாதாரணமான முறையில் கேட்டால், கிடைக்கிற வரைக்கும் நிற்க வைக்கும். கல்யாணப் பந்தியில் 'இலை இல்லை, வீட்டுக்குப் போங்க' என்று யாராவது சொல்வார்களா? 'இதோ, ஒரு நிமிஷம்' என்பார்கள். அப்படியும் இலை காலியாகவில்லை என்றால், உள்ளே நிதானமாக மூன்றாவது தடவை பாயசம் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு பெரிய ஆளாகப் பார்த்துச் சட்டையைப் பிடித்து எழுப்பி விடுவார்கள். கெர்னலில் இந்தத் திருப்பணிக்கென்றே ஒருவர் இருக்கிறார். ஓஓஎம் கில்லர் என்று பெயர். மெமரி தீர்ந்துபோனால் நிறையச் சாப்பிடுகிற புரோகிராமாகப் பார்த்துத் தீர்த்துவிடுவார். பந்தியிலாவது எழுப்புவதோடு விடுவார்கள்.

இந்த வழக்கம் இருப்பது கெர்னல்காரர்கள் பலருக்கே சரியாகத் தெரியாது. 2014 டிசம்பரில் ஒரு விவாதத்தில் இது வெளிச்சத்துக்கு வந்தபோது அனுபவஸ்தர்களே அதிர்ந்துபோனார்கள். விவாதம் எதனால் வந்தது என்றால், மிஷின் உறைந்து நின்றுவிட்டதனால். பந்தியிலேயே சொல்கிறேன். கில்லர் ஒரு ஆளைப் பிடித்து எழுப்புகிறார். அவர், "எழுந்துக்கறேன் ஸார். ஆனா என் பை ரூம்ல இருக்கு. ரூம் சாவி வாசல்ல நிக்கிறாரே, அவர்கிட்ட" என்கிறார். வாசலில் நிற்பவர் சாவியைத் தரமாட்டார். இலை கிடைத்து, சாப்பிட்டு, கை கழுவின பிறகுதான் தருவார். இலை எப்போது காலியாகும்? இவர் எழுந்தால். இவர் எப்போது எழுவார்? சாவி வந்தால். மண்டபமே விடிய விடிய அப்படியே நிற்கிறது.

இப்போது யோசியுங்கள். 'இல்லை' என்று ஒருநாளும் சொல்லாத கவுண்ட்டர். அங்கே வாங்கின ஒவ்வொரு சீட்டையும் 'வெறும் சீட்டா?' என்று பார்க்கிற வரிகள் கெர்னல் முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வெறுமையாக இருந்தால் என்ன செய்வது, அதுவரைக்கும் வாங்கினதையெல்லாம் எந்த வரிசையில் திருப்பித் தருவது என்று பத்திப் பத்தியாக எழுதி வைத்திருக்கிறார்கள். பல இடங்களில் அந்தப் பத்திகள் எழுதின நாளிலிருந்து ஒருதடவைகூட ஓடினதில்லை. ஓடாத புரோகிராமில் பிழை குடியிருக்கும். ஒரே அண்டாவை ரெண்டு தடவை திருப்பிக் கொடுப்பது அங்கே சகஜம். ரெண்டாவது தடவை கொடுக்கும்போது அந்த அண்டா வேறு கல்யாணத்தில் சாம்பாரோடு இருக்கும். கடைக்காரர் அதையும் 'காலி' என்று குறித்துக்கொண்டு மூன்றாவது வீட்டுக்கு வாடகைக்கு விட்டுவிடுவார். ரெண்டு வீட்டுச் சாம்பாரும் ஒரே அண்டாவில். கம்ப்யூட்டரில் திருடர்கள் நுழைகிற பெரிய வாசல்களில் இது ஒன்று.

அப்படியானால் இதையும் அழித்துவிடலாமே? கூடாது. கெர்னலோடு வருகிற கைப்புத்தகத்தைப் பார்த்தேன். சின்ன அளவுகள் பெரும்பாலும் தவறாமல் கிடைக்கும், ஆனால் அதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை, ஆகவே கேட்கிறவர்கள் ஒழுங்காகச் சோதித்துக்கொள்ள வேண்டியது என்று போட்டிருக்கிறது. நம் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில் உட்கார்ந்து எழுதின மாதிரி இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் நேர்மையான வாக்கியம். வழக்கம் வேறு, வாக்கு வேறு என்கிறது. மாமனார் வீட்டில் வருஷா வருஷம் தீபாவளிக்கு வேஷ்டி எடுத்துத் தருகிறார்கள் என்பதற்காக, அதை நம்பி இடுப்பில் இருக்கிற வேஷ்டியைத் தானம் செய்துவிட முடியாது.

வாக்குக் கொடுக்கிற கவுண்ட்டரும் உண்டு. மெம்பூல் என்று ஒன்று. சில அண்டாக்களை முன்கூட்டியே பரணில் எடுத்து வைத்திருப்பார்கள். கடையில் இல்லாவிட்டாலும் பரணிலிருந்து தருவார்கள். பரணும் காலி என்றால், போனது ஒன்று திரும்பி வருகிற வரை உட்கார வைத்து, வந்ததும் தருவார்கள். காத்திருக்கத் தயாராக இருக்கிறவருக்கு வெறும் சீட்டு கிடையவே கிடையாது என்று எழுத்து மூலமாக அங்கே போட்டிருக்கிறது. அப்படியிருந்தும் அந்தக் கவுண்ட்டரிலும் பழக்க தோஷத்தில் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2017-ல் ஒரு பெரிய கூட்டல் பெருக்கல் நடந்து, பல இடங்களில் அதைத் துடைத்தார்கள். அது நியாயமான துடைப்பு.

ஆக, அழிக்கலாமா கூடாதா என்பதற்கு அந்த வரியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று போய்ப் பார்க்க வேண்டும். அக்கா பெண்ணிடம் கேட்டேன். ரெண்டு வரி அழிப்பதற்கு அவள் பதினோரு வரி விளக்கம் எழுதினாளாம். "அதுல ஒரு வார்த்தைக்குப் பெரியவர் ஒருத்தர் ஆட்சேபணை பண்ணினார் மாமா. 'தேவையில்லைன்னு தோணுது'ன்னு எழுதியிருந்தேன். தோணறதெல்லாம் வேண்டாம், ஏன்னு எழுதுன்னுட்டார்." நல்ல வாத்தியார்.

அந்தப் பெரியவரின் கறாருக்குக் காரணம் இருக்கிறது. 2009-ல் ஒரு சோதனையை 'தேவையில்லை' என்று தீர்மானித்து அழித்தது மனுஷர்கூட இல்லை, மிஷின்.

லினக்ஸில் டன் என்று ஒரு பகுதி. கற்பனையான நெட்வொர்க் கார்டு, வீபீஎன்காரர்களுக்கு உபயோகப்படுவது. அதில் ஒருவர் ஒரு வரியைச் சேர்த்தார். சீட்டில் சொன்ன இடத்துக்குப் போய் அண்டாவைத் திறந்து உள்ளே இருப்பதை எடு என்று ஒரு வரி. அதற்கு அடுத்தாற்போல், ஏற்கெனவே இருந்த பழைய வரி: சீட்டு வெறுமையாக இருந்தால் திரும்பிப் போய்விடு. வரிசை தலைகீழாகிவிட்டது, கவனித்தீர்களா? சரி, சோதனை கொஞ்சம் தாமதமாக நடக்கும், அவ்வளவுதானே என்றால், இல்லை. நாம் எழுதுவதை மிஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிற ஜீசீசீ கம்பைலர் மகா புத்திசாலி. அது தர்க்கம் பண்ணியது: 'அண்டாவை ஏற்கெனவே திறந்தாகிவிட்டது. வெறும் சீட்டாக இருந்தால் திறந்திருக்க முடியாது. ஆகவே இது வெறும் சீட்டு இல்லை. ஆகவே அடுத்த வரிச் சோதனை தண்டம்.' சத்தமில்லாமல் அழித்துவிட்டது. எழுதினவர் திரையில் அந்த வரி பத்திரமாக இருக்கிறது. ஓடுகிற மிஷினில் இல்லை.

பிராட் ஸ்பெங்க்ளர் என்கிற பாதுகாப்பு நிபுணர் இதைப் பிடித்தார். வெறும் சீட்டு என்பது நிஜத்தில் பூஜ்யம் என்ற முகவரி. அந்த முகவரியில் சாதாரணமாக ஒன்றும் இருக்காது. போனால் இடறி விழ வேண்டியதுதான். அதுவே ஒருவகைப் பாதுகாப்பு. அவர் என்ன செய்தார் என்றால், பூஜ்யம் நம்பர் வீட்டில் முன்கூட்டியே தன் சாமான்களைக் கொண்டு வைத்துவிட்டார். அங்கே யாரும் குடியேறக்கூடாது என்று காவல் உண்டு. அதையும் சுற்றிக்கொண்டு போய்விட்டார். கெர்னல் வெறும் சீட்டோடு வந்தது, திறந்தது, விழவில்லை. தடுத்திருக்க வேண்டிய சோதனையும் இல்லை. அவர் எழுதி வைத்திருந்ததை வேதவாக்காக எடுத்துக்கொண்டு காரியம் செய்தது. சாதாரண ஆசாமி ஒருவர் மிஷினின் சர்வாதிகாரி ஆகிவிட்டார். 2009 ஜூலையில் செய்முறையோடு வெளியிட்டார். வரிசையைச் சரி செய்தார்கள். அதோடு, கெர்னலைத் தயாரிக்கும்போது கம்பைலரிடம் ஒரு நிபந்தனை போட்டார்கள்: வெறும் சீட்டுச் சோதனைகளில் உன் புத்திசாலித்தனம் வேண்டாம், எழுதினது எழுதினபடி இருக்கட்டும். அந்த நிபந்தனை இன்றும் இருக்கிறது.

மனுஷர்கள் யோசித்து விட்டுவிட்ட சோதனைக்கும் உதாரணம் இருக்கிறது, மெமரி சம்பந்தப்பட்டது இல்லை என்றாலும். ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம், 1996 ஜூன் 4. பெரிய எண் சின்ன டப்பாவில் அடங்காமல் போகக்கூடிய இடங்கள் ஏழு என்று கண்டார்கள். கம்ப்யூட்டருக்குச் சுமை 80 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்பதால் நாலுக்கு மட்டும் காவல் போட்டு, மூன்றை விட்டார்கள். அந்த எண்கள் பெரிதாக வாய்ப்பே இல்லை என்று நினைத்தார்கள். ஏரியான் 4-க்கு அது சரிதான். 5 வேறு பாதையில், வேறு வேகத்தில் போகிற ராக்கெட். கிளம்பி நாற்பது விநாடி ஆவதற்குள் நாலு சாட்டிலைட்டுகளோடு சிதறியது. மாற்றுக் கம்ப்யூட்டர் இருந்தது. அதிலும் அதே புரோகிராம். அது ஒரு கணம் முன்னதாகவே விழுந்துவிட்டது. அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பின பிறகு ஏரியான் 5-க்குத் தேவையே இல்லாத ஒன்று என்பது விசாரணையில் தெரிந்தது. காவலை எடுத்தவர்கள், காவல் தேவைப்பட்ட அந்தத் தண்டக் கணக்கை எடுக்கவில்லை.

கெர்னலில் ஒருதடவையும் ஓடாத அந்தப் பத்திகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அழிக்கவும் கூடாது, நம்பவும் முடியாது. அதற்கு ஒரு குறும்பான வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 பதிப்பிலிருந்து கெர்னலில் பொய் சொல்கிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. கடை நிறைய அண்டா இருக்கும்போதே, கவுண்ட்டர்காரர் வேண்டுமென்றே வெறும் சீட்டை நீட்டுவார். நூற்றுக்கு எத்தனை தடவை பொய் சொல்ல வேண்டும் என்பதைக்கூட நாமே குறிப்பிடலாம். பரிசோதனை மிஷினில் இதைப் போட்டுவிட்டு, யார் யார் வெறும் சீட்டைப் பார்க்காமல் அண்டாவைத் தேடிப் போய் விழுகிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்கள். விழுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.